பொரியில் நட்ட புதினா

1

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு என் மேசையில் வைத்த பொரிப் பொட்டலத்தில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். "உண்பதற்கு மட்டும்" என்று அச்சடித்து, கீழே தர ஆய்வுத் துறையின் கையெழுத்து. அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அன்று முழுக்க போன் ஓயவில்லை. பொரிக்கு எதற்குக் கையெழுத்து, பொரியைத் தின்னாமல் வேறு என்ன செய்வார்கள் என்று அக்கா, கொழுந்தன், பழைய பக்கத்து வீட்டுக்காரி என்று வரிசையாகக் கேட்டார்கள். ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். இனிமேல் யாரும் கேட்கக் கூடாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் தவமணி. மலேசியாவில் கேமரன் மலையில் பிறந்து, மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்க்கும் கூடாரங்களில் பாதி ஆயுளைக் கழித்தவள். ஒரு மழையில் மலை சரிந்து எங்கள் கூடாரங்களைக் கொண்டுபோனது. அந்தச் சமயத்தில் வந்த வேலை இது. இப்போது தமிழ்நாட்டில், ஒரகடத்தில், கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் கீரை வளர்க்கிறேன். சரியாகத்தான் படித்தீர்கள். கார் சீட் கம்பெனியில்தான் கீரை.

காரணம் இதுதான். இவர்களிடம் சீட் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, சுற்றுச்சூழலுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று சொன்னது. கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம். பசை நாற்றத்தைக் குறைக்கலாம். அதற்கெல்லாம் நிறைய மெனக்கெட வேண்டும். ஆகவே தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பசுமைக் கூடாரம் போட்டு, கேன்டீனுக்குக் கீரையும் புதினாவும் வளர்ப்பது என்று முடிவு செய்தார்கள். அதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டுமாம். நான்தான் அந்த வெளிநாடு.

ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து கூடாரத்தைப் பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் நீட்டிப்பு. பிடிக்கவில்லையென்றால் கூடாரத்தைப் பிரித்து அந்த இடத்தில் மரப்பலகைகளை அடுக்குவார்கள். என் கணவரும் மகளும் என் விசாவைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே இருக்கிறார்கள். வேலை போனால் மூன்று பேரும் விமானம் ஏற வேண்டும். ஏறிப் போய் இறங்குவதற்கு ஊரில் எங்களுக்கு இடம் இல்லை. சரிந்த மலைதான் இருக்கிறது.

2

தமிழ்நாட்டில்தானே இருக்கிறாய், கோயில் கோயிலாகப் போகலாமே என்று அக்கா பெருமூச்சு விடுகிறாள். குன்றத்தூரில் குடியிருக்கிறேன், மலைமேல் முருகன் இருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் நான் பார்ப்பது கண்டெய்னர் லாரியின் பின்பக்கத்தை. கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் செத்த மாதிரி தூங்குகிறார்கள். நான் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு லாரியைப் படிக்கிறேன்.

எல்லோரும் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "மேடம், நீங்க தமிழ் நல்லா பேசுறீங்களே!" நான் ஏதோ போன வாரம் புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்ட மாதிரி. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் ஒரு அம்மா என் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "அப்புறம் எதுக்கு மலேசியா?" என்று கேட்டார். என் தாத்தாவின் அப்பாவைக் கேட்க வேண்டிய கேள்வி. அவரும் விரும்பிப் போனவர் இல்லை என்று சொன்னேன். அதை எழுதக் கட்டம் இல்லை, சொந்த விருப்பம் என்று போட்டுக்கொள்கிறேன் என்றார்.

என் கணவர் சேகரன் வீட்டில் இருந்து சமைக்கிறார். அவருடைய விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. வீட்டுக்கார அம்மாவுக்கு இது தாங்கவே இல்லை. "அவருக்கு உடம்புக்கு இன்னா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, குழம்பும் நன்றாக வைப்பார் என்றேன். அன்றிலிருந்து அவர் சேகரனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு நோயாளியைப் பார்ப்பது போலவே பார்க்கிறார்.

மகள் நிஷாவுக்குப் பன்னிரண்டு வயது. நம் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இங்கே வந்த புதிதில் வகுப்பில் யாரிடமோ "பசியாறியாச்சா?" என்று கேட்டிருக்கிறாள். பழைய படத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று வகுப்பே சிரித்திருக்கிறது. அதோடு சரி. இப்போது வீட்டுக்குள் வரும்போதே, "இன்னாமா, சாப்பாடு ரெடியா கீதா?" என்கிறாள். ஒழுங்காகப் பேசு என்றால், "இதான்மா ஒழுங்கு. நீதான் ஒரு மாதிரி பேசிகினு கீற" என்கிறாள். பிள்ளைகள் வெளிநாடு போனால் தமிழ் மறந்துவிடும் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். என் பிள்ளை தமிழ்நாட்டுக்கு வந்து என் தமிழை மறந்துவிட்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

3

கூடாரத்தில் என்னோடு வேலை செய்பவர்கள் இரண்டு பெண்கள். கன்னியம்மாள் பக்கத்து வடக்குப்பட்டுக்காரி, என் வயது இருக்கும். முன்பு சீட் உறை தைக்கும் லைனில் இருந்தாள். இசக்கியம்மாள் திருநெல்வேலிப் பக்கம், இருபத்தைந்து வயது, விடுதியில் தங்கியிருக்கிறாள். இருவரும் நல்ல வேலைக்காரிகள். வாய் மட்டும் நிற்காது.

எங்களுக்கு மேலே தர ஆய்வுத் துறைத் தலைவர் வரதன். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

வந்த முதல் வாரம் வரதன் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே சீட் வெட்டியதில் மிஞ்சிய ஃபோம் துண்டுகள். "மேடம், ஸ்பாஞ்சுலதானே விதை போடுவீங்க? நம்மகிட்டயே மலை மாதிரி கிடக்கு. வேஸ்ட்டும் குறையும்."

சார், நாற்று போடும் ஸ்பாஞ்சு வேறு, மனிதன் உட்காரும் ஸ்பாஞ்சு வேறு என்றேன். இது தீப்பிடிக்காமல் இருக்க மருந்து சேர்த்தது. தண்ணீரை உறிஞ்சாது. ஒரு துண்டை வாளியில் போட்டுக் காட்டினேன். மிதந்தது. அவர் விரலால் அமுக்கினார். விட்டதும் மேலே வந்தது. அவர் முகத்தில் பெருமை. "எவ்ளோ நல்ல ஃபோம் பாத்தீங்களா!"

மண் இல்லாமல் செடி வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டிய விஷயம் ரொம்பக் கொஞ்சம். விதைக்கு ஈரம் வேண்டும். நறுக்கி நடும் தண்டுக்கு ஈரத்தைவிடக் காற்று முக்கியம், ஏனென்றால் அதற்கு இன்னும் வேர் இல்லை. வெட்டிய வாய் மட்டும் இருக்கிறது, அது மூச்சுவிட முடியாமல் போனால் அழுகும். ஆகவே கீரை விதைக்கு ராக்வூல். பாறையை உருக்கிப் பஞ்சாக நூற்றது அது. அதற்குக் காரத்தன்மை அதிகம், லேசாக அமிலம் கலந்த தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் விதை போட வேண்டும். புதினாத் தண்டுக்குப் பாதி தென்னை நார்த்தூள், பாதி பெர்லைட். பெர்லைட்டும் ஒரு கல்தான், சூட்டில் பொரிந்து வெள்ளையாக, லேசாக இருக்கும். அது நார்த்தூளை இறுகவிடாமல் நடுவில் நின்று காற்றுக்கு வழிவிடும். நார்த்தூளில் உப்பு இருக்கும், நன்றாகக் கழுவ வேண்டும். கழுவினால் மட்டும் போதாது, கால்சியம் நைட்ரேட் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு மறுபடி கழுவ வேண்டும். இல்லையென்றால் நாம் செடிக்குப் போடும் கால்சியத்தை நாரே தின்றுவிடும். கடைசியில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்க்க வேண்டும். விரலிடுக்கில் சில சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் தப்பு. வரவே இல்லையென்றாலும் தப்பு.

இதையெல்லாம் வரதனிடம் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "பிழியறதுன்னா எவ்ளோ ஃபோர்ஸ் மேடம்?" என்றார்.

"கையால சார்."

"யார் கை?"

மறுநாள் நார்த்தூளை சீட் சோதிக்கும் மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். மனிதன் உட்காருவதுபோல மேலிருந்து ஒரு இரும்புப் பிருஷ்டம் இறங்கி சீட்டை அமுக்கும் மெஷின் அது. அதற்கடியில் என் நார்த்தூளை ஒரு தட்டில் பரப்பினார்கள். பிருஷ்டம் இறங்கியது. தண்ணீர் நாலாபக்கமும் தெறித்து, மெஷின் ஓட்டுபவனின் சட்டை நனைந்தது. கம்ப்யூட்டர் ஒரு எண் கொடுத்தது. அதுதான் இன்றுவரை எங்கள் அளவு. நார்த்தூள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சராசரி எடையுள்ள ஓர் ஆள் அதன்மேல் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்கிறோம்.

இசக்கி என் காதில் சொன்னாள்: "மேடம், செடிக்கு சீட் பெல்ட்டும் போடச் சொல்லுவாரோ?"

4

இப்போது பொரிக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு விதியைச் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரி கம்பெனிகளில் வெளியிலிருந்து வரும் சாக்கு, அட்டைப்பெட்டி எதுவும் ஸ்டோருக்குள் வரக்கூடாது. தூசி. எல்லாச் சாமானையும் வாசலிலேயே பிரித்து, கம்பெனியின் நீலத் தொட்டிகளில் கொட்டி, எண் போட்ட சீட்டைச் சொருகிய பிறகுதான் உள்ளே போகும். எண் இல்லாத பொருள் இந்தக் கம்பெனிக்குள் இருக்க முடியாது. திருகாணிக்கு இந்த விதி பொருந்தும். என் பெர்லைட்டையும் இப்படித்தான் கொட்டி வைத்தார்கள். நானும் தலையாட்டிவிட்டேன்.

போன வருடம் ஆயுத பூஜையை விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் வைத்தார்கள். விடுமுறை முடிந்து கம்பெனி திறக்கும் அன்று காலையில்தான் அந்த வெளிநாட்டுக்காரர் வருகிறார். புதினா ரகத்தை அவருக்குக் காட்ட வேண்டும். ஆகவே பூஜை அன்று காலையிலேயே தட்டுகளில் புதினாத் தண்டுகளை நட்டு, ஈரம் போகாமல் மூடி போட்டு வைத்துவிட்டால், அவர் வருவதற்குள் வேர் எட்டிப்பார்க்கும் என்று கணக்குப் போட்டேன்.

அன்று காலை பூஜைக்குப் பொரி வந்திறங்கியது. சாக்கு உள்ளே வரக்கூடாது. பிரித்து நீலத் தொட்டியில் கொட்டினார்கள். எண் வேண்டும். சிஸ்டத்தில் பொரி என்று ஒரு பொருள் கிடையாது. ஸ்டோரில் இருந்தவர் மூளையைப் பயன்படுத்தினார். வெள்ளை, லேசு, சின்னச் சின்னதாக இருக்கிறது. ஏற்கெனவே அப்படி ஒரு பொருளுக்கு எண் இருக்கிறது. அந்தச் சீட்டைச் சொருகிவிட்டார்.

நான் அந்த நேரத்தில் ஒரு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டுக்காரருக்கு மாலை போடுவதா, சால்வை போடுவதா என்று மீட்டிங். நடவைக் கன்னியம்மாளும் இசக்கியும் பார்த்துக்கொண்டார்கள். பாதி நார்த்தூள், பாதி பெர்லைட். அவர்களுக்குத் தலைகீழாகத் தெரிந்த வேலை.

சாயங்காலம் பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். இரும்புப் பிருஷ்டத்துக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் பொட்டு. என் கூடாரத்தின் கதவிலும் தட்டுகளிலும்கூடப் பொட்டு வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பிறகு பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் கலந்து கிண்ணத்தில் எல்லோருக்கும் கொடுத்தார்கள். முதல் கிண்ணம் பொது மேலாளருக்கு. பெரிய மனிதர், பக்தி உள்ளவர், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளி வாயில் போட்டார்.

அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கண்ணாடி வளையலை மிதித்த மாதிரி.

அவர் துப்பவில்லை. சாமி பிரசாதத்தை எப்படித் துப்புவது? கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தார். மெதுவாக இன்னொரு தடவை கடித்தார். பிறகு, "பொரி கொஞ்சம் நமுத்திருக்கு" என்றார். நமுத்த பொரி அப்படிச் சத்தம் போடாது என்று யாரும் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டதால் மற்றவர்களும் வாயில் போட்டார்கள். அந்தக் கூடம் முழுக்கக் கல் அரைத்தது. நான் என் கிண்ணத்தைப் பார்த்தேன். வெல்லத் தூளுக்கும் கடலைக்கும் நடுவில் என் பெர்லைட்.

"துப்புங்க! எல்லாரும் துப்புங்க! அது கல்லு!" என்று கத்தினேன். அப்போதுதான் துப்பினார்கள். பொது மேலாளர் கைக்குட்டையில் துப்பி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இது இங்கே இருக்கிறதென்றால், அது அங்கே போயிருக்கிறது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூடாரத்தை நோக்கி ஓடினேன். கன்னியம்மாளும் இசக்கியும் என் பின்னால் ஓடி வந்தார்கள்.

5

"காலையில என்னத்தப் போட்டு நட்டீங்க?" என்றேன்.

"பொரி மேடம்" என்றாள் கன்னியம்மாள். கூச்சநாச்சமே இல்லை.

"பொரின்னு தெரியுமா?"

"தெரியாம இன்னா? வாயில போட்டுகினேதானே கலக்குனோம்."

"பொரியில எவளாவது செடி நடுவாளா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கன்னியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னா மேடம் பேசறீங்க? பாறைய பஞ்சாக்கி அதுல வெதை போடச் சொன்னீங்க, போட்டோம். தேங்கா நாருக்கு மருந்து குடுத்து ராவெல்லாம் ஊறப்போடச் சொன்னீங்க, போட்டோம். அத்த கொண்டுபோயி மெஷினு கீழ குந்தவெச்சீங்க, பாத்துகினு இருந்தோம். இன்னிக்கு தொட்டியில பொரி வந்துச்சு, சீட்டுல நம்ம நம்பரு கீது. சரி, இன்னிக்கு பொரி போல கீதுன்னு நெனைச்சோம். இதுல கேக்கறதுக்கு இன்னா கீது?"

இசக்கியும் சேர்ந்துகொண்டாள். "மலேசியால இப்பிடித்தான் போலன்னு நெனச்சோம் மேடம். நான்கூட அக்காட்ட சொன்னேன், நாளைக்கு முறுக்குல நடச் சொன்னாலும் சொல்லுவாவன்னு."

சரி, பேசி என்ன பயன். எல்லாவற்றையும் பிடுங்கிக் கழுவி மறுபடி நடலாம், வாருங்கள் என்று கதவில் கை வைத்தேன். இருவரும் ஒரே நேரத்தில் என் கையைப் பிடித்தார்கள்.

"தொடாதீங்க மேடம். பூஜை போட்டாச்சு."

உங்களுக்கே தெரியும். ஆயுத பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது. நம் ஊரிலும் பிள்ளைகள் புத்தகத்தை வைத்துவிட்டு நிம்மதியாக விளையாடுவார்கள். புத்தகம் ஒரு நாள் சும்மா இருந்தால் புளித்துப்போகாது. பொரி புளிக்கும். நான் சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன். தட்டில் சந்தனம் வைத்தாகிவிட்டது, இனி அது தட்டு இல்லை, சாமி என்றார்கள். வாசல் காவலாளியைக் கூப்பிட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கதவில் இருந்த பொட்டைக் கும்பிட்டுவிட்டு, "நான் எப்படிம்மா தொறக்கறது? எனக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்றார். வரதனுக்குப் போன் போட்டேன். "மேடம், சென்டிமென்ட் விஷயம். லீவு முடிஞ்சி வந்து ஃபர்ஸ்ட் வேலையா பாத்துடலாம்" என்றார். பிறகு, "பெர்லைட்டுக்கும் பொரிக்கும் ஒரே நம்பர் போட்டது தப்புதான். அதுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதிடறேன்" என்றார்.

கம்பெனியைப் பூட்டினார்கள். விடுமுறை முழுக்க நான் குன்றத்தூர் வீட்டில் உட்கார்ந்து, மூடிக்குள் பொரி ஊறுவதை நினைத்துக்கொண்டிருந்தேன். நிஷா தன் சிநேகிதிகளைக் கூட்டி வந்து, "எங்கம்மா ஃபேக்டரியில எல்லாருக்கும் கல்லு குடுத்துட்டாங்க" என்று அறிமுகம் செய்தாள். சேகரன் பழைய பெட்டிகளை அலமாரி மேலிருந்து இறக்கித் துடைத்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான், தூசியா இருந்துச்சு" என்றார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது.

6

திறந்த அன்று முதல் பஸ்ஸில் போனேன். தட்டின் மூடியைத் தூக்கினேன். பழங்கஞ்சிப் பானையைத் திறந்த வாசனை. பொரி முழுக்கக் குழைந்து நார்த்தூளோடு ஒட்டிக் கூழாகியிருந்தது. எறும்பு. கூடாரத்தின் கூரைமேல் இரண்டு மைனா, உள்ளே விடு என்று அதைக் கொத்திக்கொண்டிருந்தன. தண்டுகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. ஒன்றைப் பிடுங்கினேன். அடி பழுப்பாகி வழவழவென்று இருந்தது. இலை மட்டும் பச்சை. ஈரத்துக்குள் இருந்ததால் செத்துப்போனது அதற்கே தெரியவில்லை.

பெர்லைட் இல்லை, அதைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் கொட்டிவிட்டார்கள். ஆனால் புதினாவுக்கு அவசரத்துக்கு எதுவும் வேண்டாம், சுத்தமான தண்ணீரே போதும். தாய்ச்செடியிலிருந்து புதிதாக நறுக்கி, கேன்டீன் டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி வைக்க ஆரம்பித்தோம். வேர் காட்ட முடியாவிட்டாலும் நாற்றமாவது இருக்காது. வரதன் ஓடி வந்தார்.

"மேடம், மீடியம் எங்க? எதுல நட்டிருக்கீங்க?"

"தண்ணி சார்."

"பேப்பர்ல மீடியம்னு ஒரு கட்டம் இருக்கே. தண்ணிக்கு நம்பர் இல்லையே!"

இந்தச் சண்டை நடக்கும்போதே வெளிநாட்டுக்காரர் வந்துவிட்டார். சால்வை ஜெயித்திருந்தது. உயரமான மனிதர், சால்வையைத் தடுக்கி விழாமல் பிடித்துக்கொண்டு வந்தார். நேராக டம்ளர்களைத் தாண்டி, நாறும் தட்டுக்குப் போய்க் குனிந்து மூக்கை வைத்து இழுத்தார்.

"ரொட்டி வாசனை வருகிறதே. இந்த வெள்ளை என்ன?" என்றார் ஆங்கிலத்தில்.

வரதன் பொய் சொல்லக் கூடியவர் இல்லை. தர ஆய்வுக்காரர். உண்மையையே சொன்னார். "அரிசி சார். உள்ளூர் அரிசி. சூட்டில் பொரித்தது. முழுவதும் மக்கும்."

அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்லைப் பொரிக்காமல் அரிசியைப் பொரிக்கிறீர்களா, சுரங்கம் தோண்ட வேண்டாமே, கப்பலில் வர வேண்டாமே என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. முன்னால் போய் நின்றேன். "சார், இது தின்பண்டம். சாமிக்கு வாங்கியது. தவறிக் கலந்துவிட்டது. இந்தச் செடிகள் செத்துவிட்டன" என்றேன். என் ஆங்கிலம் நன்றாகப் புரியும். மலையில் சுற்றுலாக்காரர்களிடம் பேசிப் பழகியது.

அவர் நெஞ்சில் கை வைத்தார். "பண்டிகை மரபிலிருந்தே எடுத்திருக்கிறீர்கள். அதுவும் எவ்வளவு அடக்கம்!" என்றார்.

"அடக்கம் இல்லை. அழுகல்" என்று ஒரு தண்டைப் பிடுங்கி நீட்டினேன். அவர் அதை வாங்கி, வழவழத்த அடியைப் பார்க்காமல் இலையைக் கசக்கி முகர்ந்து, அருமை என்றார். அதோடு ஒரு படமும் எடுத்துக்கொண்டார். படத்தில் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன். மகள் அதைத்தான் என் போன் எண்ணுக்குப் படமாக வைத்திருக்கிறாள்.

7

ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. பொரியில் செடி வளர்க்கும் முறையை மேம்படுத்துவதற்கு.

முடியாது என்று பொது மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "மேடம், அன்னைக்கு எனக்குக் கல்லைக் குடுத்தாங்க. நான் ஏதாவது சொன்னேனா?" என்றார்.

இப்போது கூடாரத்தில் முன்பக்கம் இரண்டு வரிசை பொரித் தட்டு. பின்பக்கம் முழுக்க நார்த்தூளும் பெர்லைட்டும். கேன்டீனுக்குப் போகும் புதினா பின்னாலிருந்து போகிறது. முன்னால் இருப்பதை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறோம். குழைந்த பொரி மைனாவுக்குப் போகிறது. ஒரகடத்தில் இவ்வளவு கொழுத்த மைனாவை வேறு எங்கும் பார்க்க முடியாது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கன்னியம்மாள் பாடம் எடுத்ததைக் கேட்டேன்: "முன்னாடி கீறது பாக்க வரவங்களுக்கு. பின்னாடி கீறது செடிக்கு. மாத்தி மட்டும் வெச்சிடாத, மேடம் கடிச்சி வெச்சிடும்."

பொரிக்குத் தனி எண் கிடைத்துவிட்டது. உண்ணும் பொரிக்கு ஒன்று, நடும் பொரிக்கு ஒன்று. இரண்டும் ஒரே சாக்கிலிருந்துதான் வருகின்றன. குன்றத்தூர் கடைக்காரரிடம் தரச் சான்றிதழ் கேட்டார்கள். அவர் ஒரு கை அள்ளிக் கொடுத்து, "தின்னு பாருங்க" என்றாராம்.

ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. விசாவை நீட்டிக்க வேண்டும். சேகரனும் நிஷாவும் நானும் மறுபடி அந்த வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். இந்த முறை ஓர் அதிகாரி. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். சேகரன் வேர்த்து நனைந்திருந்தார். நிஷா வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக் கூட்டிப்போயிருந்தேன்.

"இந்த வேலைக்கு வெளிநாட்டு ஆள் எதுக்கு? இங்க இல்லாத திறமை இருந்தாத்தான் நீட்டிக்க முடியும். கீரை வளர்க்க இங்க ஆளா இல்ல?" என்றார்.

நியாயமான கேள்வி. நான் கம்பெனி கொடுத்த கடிதத்தை நீட்டினேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பொரியிலயா?"

"ஆமா சார்."

"சாப்பிடற பொரியில, செடி?"

"ஆமா."

"இந்தியாவுல வேற யாரும் இதைச் செய்யறதில்லைன்னு போட்டிருக்கு. இது உண்மையா?"

அந்த வருடம் முழுக்க என்னிடம் கேட்ட கேள்விகளில் யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தது இது ஒன்றுதான்.

"சத்தியமா சார். இந்த நாட்டுல புத்தி இருக்கிற ஒருத்தரும் செய்ய மாட்டாங்க."

அவர் என்னைப் பார்த்தார். சேகரனைப் பார்த்தார். நிஷாவைப் பார்த்தார். முத்திரையை எடுத்து மூன்று பாஸ்போர்ட்டிலும் குத்தினார்.